போருக்கு முந்தைய ட்ரையாங் பொம்மை வீடு: மேல் பூச்சை உரிக்கலாமா? எந்த அளவில் சாமான் வாங்குவது?

மோர்டன் தாய் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்து வீட்டில் தொண்ணூறு வயதைக் கடந்த ஆங்கிலேய அம்மையார் ஒருவர் இருந்தார். மகனோடு வெளியூருக்குக் குடிபோகும்போது, தான் சிறுமியாக இருந்தபோது விளையாடிய பொம்மை வீட்டை என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அவருடைய அப்பா வாங்கித் தந்ததாம். அடிப்பலகையில் முக்கோண வடிவில் ஒரு முத்திரை இருக்கிறது. ‘ட்ரையாங்’ என்ற எழுத்து பாதி அழிந்தும் படிக்க முடிகிறது. அந்தப் பொம்மை நிறுவனத்தின் தொழிற்சாலை எங்களுக்கு மிக அருகில், லண்டன் மெர்ட்டனில், மோர்டன் சாலையில்தான் இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். தினமும் பஸ்ஸில் அந்தச் சாலை வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அதனால் இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற ஆசை இன்னும் கூடிவிட்டது.

வீட்டின் அகலம் ஏறத்தாழ மூன்றடி. முன்பக்கம் இரண்டு கதவுகளாகத் திறக்கிறது. மேலே இரண்டு கூம்பு முகப்புகள். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் ஓடுவது போல, பழைய டியூடர் பாணியில் செய்திருக்கிறார்கள். கீழே இரண்டு அறைகள், மேலே இரண்டு அறைகள், நடுவில் படிக்கட்டு. ஜன்னல்கள் தகரம், நிஜ ஜன்னல் போலத் திறந்து மூடலாம். ஒன்று கீல் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. மற்றவற்றில் துரு.

முன்பக்கம் முழுவதும் பிற்காலத்தில் யாரோ வெள்ளை எமல்ஷன் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வாசல் ஓரத்தில் அது உரிந்த இடத்தில் சிவப்பு மொட்டு ஒன்றும் பச்சைத் தண்டும் எட்டிப் பார்க்கின்றன. என் மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டு, “அம்மா, உள்ளே தோட்டம் இருக்கிறது” என்று கத்தினாள். உள்ளே கூடத்தில் ஆரஞ்சு வட்டங்கள் போட்ட சுவர்த்தாள், அதன் அடியில் இன்னொரு தாள். சமையலறையில் ஒட்டும் பிளாஸ்டிக் விரிப்பு. கூரையிலிருந்து துணி சுற்றிய பழைய வயர் தொங்குகிறது. பின்பலகையில் குண்டூசித் தலை அளவில் சில துளைகள். திறந்தால் பரண் வாசனை.

வெள்ளைப் பூச்சை எப்படி எடுப்பது? ஈயம் கலந்த பழைய பெயின்ட் என்ற பயமும் இருக்கிறது. மகளுக்கு ஆறு வயதுதான். சாமான் வாங்கப் போனால் 1:12 என்கிறார்கள், 1:16 என்கிறார்கள். தரையிலிருந்து கூரை வரை எட்டரை அங்குலம், உள்கதவின் உயரம் ஐந்தே கால் அங்குலம். இதற்கு எது பொருந்தும்? விளக்கு எரிய வைக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்ணக்குடம்:

அழகான பொருள் கிடைத்திருக்கிறது, வாழ்த்துகள். நான் இரண்டு மூன்று பொம்மை வீடுகளைப் புதுப்பித்திருக்கிறேன். பழைய பூச்சோடு மல்லுக்கட்ட வேண்டாம். உப்புத்தாள் போட்டு மேலாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, இளநீலமோ வெளிர் பச்சையோ பூசினால் ஒரு வார இறுதியில் புது வீடு தயார். உள்ளே பரிசுப்பொருள் சுற்றும் தாள்களையே சுவருக்கு ஒட்டலாம்; வகைவகையாகக் கிடைக்கின்றன. குழந்தைக்குப் பளிச்சென்று இருந்தால்தான் பிடிக்கும்.

பழைய மரம்:

தங்கச்சி, உப்புத்தாளை மட்டும் கையில் எடுக்காதீர்கள். வண்ணக்குடம் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். புதிய பலகையில் செய்த வீட்டுக்கு அவர் சொன்ன வழி சரி. உங்கள் வீட்டுக்கு அது இரண்டு விதத்தில் கேடு. முதலாவது ஈயம். 1960களுக்கு முன்பு செய்த பொருள்களின் பூச்சில் ஈயம் இருப்பது சாதாரணம். பூச்சு முழுசாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. அதைத் தேய்த்துத் தூளாக்கினால்தான் மூச்சிலும் விரலிலும் போகும். ஆறு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் உலர்ந்த பூச்சைத் தேய்க்கவே கூடாது. இரண்டாவது, அந்தச் சிவப்பு மொட்டு. ட்ரையாங் வீடுகள் பலவற்றின் முகப்பில் வாசலோரம் பூச்செடிகளும் சுவரில் ஏறும் கொடிகளும் வரைந்திருப்பார்கள். உங்கள் மகள் சொன்னது அப்படியே உண்மை: உள்ளே தோட்டம் இருக்கிறது. உப்புத்தாள் போட்டால் வெள்ளையோடு அதுவும் போய்விடும். பிறகு எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

என் தொழில் பழைய மேசை, அலமாரிகளைச் சீர்செய்வது. பொம்மை வீடுகள் அதில் பாதிச் சம்பளம்கூடத் தராத வேலை, ஆனால் எனக்கு அதில்தான் உயிர். எனக்கு உள்ள ஒரே விதி இதுதான்: நான் செய்வதை எனக்குப் பின்னால் வருபவர் மரத்துக்குச் சேதமில்லாமல் நீக்க முடிய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த விதியிலிருந்து வருவதுதான்.

முதலில் ஈயம் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்த்தால் நிறம் மாறும் சோதனைக் குச்சிகள் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். அவை சில சமயம் தவறாகவும் காட்டும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், உரிந்து விழுந்த ஒரு சில்லை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். முடிவு வரும்வரை இருக்கிறது என்றே எண்ணி வேலை செய்யுங்கள்: கையுறை, நல்ல முகக்கவசம், மேசையில் ஈரத்துணி, மகள் வேறு அறையில்.

அடுத்தது பின்பலகைத் துளைகள். மரப்புழு உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வீட்டைக் கறுப்புத் தாளின் மேல் வைத்து, பலகையை விரலால் தட்டிவிட்டு, சில வாரம் அப்படியே விட்டுவிடுங்கள். வெளிறிய மாவு போன்ற புதுத் தூள் விழுந்தால் புழு இருக்கிறது. இங்கே வண்டு வெளியே வருவது பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரை. அந்த மாதங்களில் கவனமாகப் பாருங்கள். கழற்றக்கூடிய சிறு துண்டுகளை நெகிழித்தாளில் இறுகச் சுற்றி, உறைபெட்டியில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும், மருந்து வேண்டாம். வெளியே எடுத்ததும் பிரித்துவிடாதீர்கள். அறையின் வெப்பத்துக்கு வரும்வரை உறைக்குள்ளேயே இருக்கட்டும், இல்லையென்றால் மரத்தின் மேல் நீர் கோக்கும். முழு வீடு உறைபெட்டிக்குள் போகாது. அதில் புழு இருந்தால் மரச்சாமான் பூச்சிக்கு மருந்திடுபவரிடம் கேளுங்கள்.

வாசனைக்கு நறுமணத் தைலம் எதுவும் தெளிக்க வேண்டாம். முன்கதவுகளைத் திறந்து, நேர் வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரு கிண்ணம் சமையல் சோடா வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். வேறெதுவும் தேவைப்படாது.

இனி வெள்ளை எமல்ஷன். இதை நிதானமாகச் சொல்கிறேன். எமல்ஷன் நீரில் நுண்துளிகளாகக் கலந்த பிசின். அது ஒரு பழைய, கெட்டியான, வழவழப்பான பூச்சின் மேல் உட்கார்ந்திருந்தால் பிடிப்பு குறைவாக இருக்கும். ஓரத்தில் தானாக உரிந்திருப்பதே அதற்குச் சாட்சி, உங்களுக்கு அதிர்ஷ்டம். கீழ்ப்பக்கம், கண்ணுக்குப் படாத மூலையில், ஒரு தபால் தலை அளவு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சைச் சில நிமிடம் வைத்துவிட்டு, மூங்கில் சீவல் அல்லது பிளாஸ்டிக் தகட்டால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். உலோகக் கத்தி வேண்டாம். பூச்சு தோலாக எழுந்து வந்தால் அதே வழியில் போகலாம். வரவில்லையென்றால் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு முயலலாம். அது எமல்ஷனை இளக்கும். ஆனால் அடிப்பூச்சு அரக்கு வார்னிஷாக இருந்தால் அதையும் கரைக்கும், செல்லுலோஸ் பெயின்டாக இருந்தால் அதையும் பிசுபிசுப்பாக்கும். பஞ்சில் வெள்ளை தவிர வேறு நிறம் தெரிந்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள். கடையில் விற்கும் பெயின்ட் நீக்கிப் பசைகளுக்கு எது மேல் பூச்சு, எது அடிப்பூச்சு என்று தெரியாது, எல்லாவற்றையும் தின்றுவிடும்.

ஒரு நாளில் உள்ளங்கை அளவு இடம் முடிந்தால் போதும். பூ வெளியே வந்த பிறகு அதில் அழுக்கு இருக்கும். அதற்கு எச்சில். அருவருப்பாக எண்ண வேண்டாம். ஓவியங்களைப் பாதுகாக்கும் வல்லுநர்கள் இன்றும் பஞ்சுக் குச்சியை நாவில் நனைத்துத்தான் மென்மையான பரப்புகளைத் துடைக்கிறார்கள். அதிலுள்ள நொதி அழுக்கைப் பிடிக்கும், பூச்சைத் தொடாது. ஆனால் ஈயம் உள்ள பூச்சு என்பதால், தொட்ட குச்சியை மறுபடி நாவுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொரு தடவையும் புதுக் குச்சி.

பூவின் சில பகுதிகள் எமல்ஷனோடு போயிருக்கலாம். நிரப்ப வேண்டாம். முதலில் சில மாதம் அப்படியே பார்த்துப் பழகுங்கள். பிறகும் கண்ணை உறுத்தினால், முதலில் நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு, அதன் மேல் நீர்வண்ணத்தால் திருத்தம். நீர்வண்ணத்தை எப்போதும் துடைத்தெடுக்கலாம்.

சுவர்த்தாள் பற்றி. ஆரஞ்சு வட்டங்களையும் குப்பையாக நினைக்காதீர்கள். அந்த அம்மையாரின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஒட்டியதாக இருக்கும். எல்லாவற்றையும் படம் எடுங்கள். அடியில் உள்ள தாள் முதல் தாளாக இருந்தால் அதைக் காட்டுவது நல்லது. ஆனால் மேல் தாள் எளிதாக வராவிட்டால் விட்டுவிடுங்கள். அட்டையை அறைச்சுவரின் அளவுக்குச் சரியாக வெட்டி, அதன் மேல் உங்களுக்குப் பிடித்த தாளை ஒட்டி, சுவருக்கு முன்னால் செருகிவிடலாம். அமிலம் இல்லாத அட்டை வாங்குங்கள். தரைக்கும் அதே முறை. பசை மரத்தைத் தொடவே தொடாது. நீல நிறத்தில் விற்கும் ஒட்டுக்களிமண் வேண்டாம். அதன் எண்ணெய் பழைய தாளில் இறங்கிக் கறையாகும். சமையலறையின் ஒட்டும் விரிப்பை தலைமுடி உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடாக்கி, மூலையிலிருந்து மிகத் தாழ்ந்த கோணத்தில் பின்னோக்கி இழுங்கள்.

பிரிந்த மூட்டுகளுக்கு வச்சிரம்தான். நம் தச்சர்கள் சுடவைத்துப் பூசுவார்களே, அதே விலங்குப் பசை. வெந்நீர் பட்டால் விட்டுவிடும், அதனால்தான் சொல்கிறேன். ஒரு நொடியில் ஒட்டும் பசைகள் மூட்டை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

விளக்கு: தொங்கும் பழைய வயரில் எந்த மின்சாரத்தையும் செலுத்தாதீர்கள். அதை வெட்டவும் வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பாட்டரியில் எரியும் சிறிய எல்.இ.டி. விளக்குகள் சூடாவதில்லை. இன்னொன்று, ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக மஞ்சளித்த ஒளிபுகும் தகடு இருந்து, தேய்த்தால் கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாயிட். சட்டென்று தீப்பற்றும் பொருள். சூடான பல்பு அதன் அருகே போகவே கூடாது.

மோர்டன் தாய்:

மிக்க நன்றி அண்ணா. மூலையில் வெந்நீர்ப் பஞ்சு வைத்துப் பார்த்தேன்; எமல்ஷன் தோலாக எழுந்து வருகிறது! அடியில் தந்த நிறப் பூச்சு, பளபளப்பாக. இனிப் பொறுமையாகத் தொடர்வேன். சாமான் அளவையும் சொல்லிவிட்டீர்கள் என்றால் நல்லது. அதோடு ஒரு சந்தேகம்: மகள் மேல் அறையில் சாமி மாடம் வைக்க வேண்டும், வீட்டில் மரப்பாச்சிகள் குடியிருக்க வேண்டும் என்கிறாள். 1930களின் ஆங்கில வீட்டில் அப்படிச் செய்வது அதன் மதிப்பைக் கெடுக்குமா?

பழைய மரம்:

அளவைப் பற்றிக் கேட்டீர்கள். 1:12 என்றால் நிஜத்தில் ஓரடி இங்கே ஓரங்குலம். 1:16 என்றால் ஓரடிக்கு முக்கால் அங்குலம். 1:12 இவ்வளவு பரவியதற்கு ஒரு காரணம், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி மேரி அரசியின் பொம்மை வீடு. கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924-இல் முடித்த அது, இப்போது வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், நூலகத்தில் எழுத்தாளர்கள் தம் கையால் எழுதிக்கொடுத்த குட்டிப் புத்தகங்கள் இருக்கும். மகளை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

ஆனால் விளையாட்டுச் சாமான் செய்தவர்கள் அப்படித் துல்லியம் பார்க்கவில்லை. உங்கள் வீட்டையே எடுங்கள். எட்டரை அங்குலக் கூரை 1:12-இல் எட்டரை அடி; அது சரியான வீட்டுக் கூரை. கதவு அப்படியில்லை. நிஜக் கதவு ஆறரை அடி என்றால் 1:12-இல் ஆறரை அங்குலம் வர வேண்டும், 1:16-இல் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உங்களுடையது ஐந்தே கால். ஆக, கூரை ஒரு கணக்கு, கதவு ஒரு கணக்கு. இந்த நிலையில் நான் கதவின் பக்கம், அதாவது 1:16 பக்கம் சாய்வேன். மேசை, நாற்காலி கதவைவிடப் பெரிதாகத் தெரிந்தால் அறை முழுவதும் தவறாகத் தெரியும். கூரை சற்று உயரமாக இருந்தால் யாருக்கும் உறுத்தாது.

காசு கொடுக்கும்முன் அட்டையில் வெட்டிப் பாருங்கள். சாப்பாட்டு மேசை நிஜத்தில் 30 அங்குல உயரம்: 1:12-இல் இரண்டரை அங்குலம், 1:16-இல் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. நாற்காலியின் அமரும் இடம் 18 அங்குலம்: 1:12-இல் ஒன்றரை, 1:16-இல் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு அளவிலும் ஒரு மேசை, ஒரு நாற்காலி செய்து கூடத்தில் வைத்து, தரையில் படுத்துக்கொண்டு வாசல் வழியே பாருங்கள். உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

1:16-க்கு நெருக்கமான பழைய மரச்சாமான் வேண்டுமானால் பார்ட்டன், டால்-டாய் என்ற பெயர்களைத் தேடுங்கள். இரண்டும் போருக்குப் பின் இங்கிலாந்தில் செய்தவை. பழைய பொருள் சந்தைகளில் இன்னும் அகப்படுகின்றன. வீட்டின் வயதுக்கே ஒத்தது வேண்டும் என்றால் 1930களின் ‘பிட்-அ-பேட்’ மரச்சாமான். அவை கிடைப்பது அரிது, விலையும் கூடும். ஒரு எச்சரிக்கை: அந்தக் காலக் குளியல் தொட்டி, அடுப்பு, தையல் இயந்திரம் போன்ற உலோகப் பொருள்கள் பல ஈயத்தில் வார்த்தவை. பார்க்க மிக அழகு, கையில் எடுத்தால் கனம். அவற்றை மகள் கையில் தராதீர்கள்.

மாடம் பற்றிக் கேட்டதற்கு என் பதில்: வையுங்கள். அந்த அம்மையார் இதைக் காட்சிப் பெட்டிக்காகக் கொடுக்கவில்லை, ஒரு சிறுமிக்குக் கொடுத்தார். ஆணி அடிக்காமல், பசை தடவாமல், தனியாகச் செய்து உள்ளே நிறுத்தும் எதுவும் வீட்டின் மதிப்பைக் குறைக்காது. மாடத்துக்கு மெல்லிய பால்சா பலகை போதும். கொளுத்தும் கற்பூரம், ஊதுவத்தி மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஈயம் இருப்பதாக முடிவு வந்தாலும் கலங்காதீர்கள். பூவைத் திறந்து முடித்தபின் வெளிப்புறம் முழுவதற்கும் நிறமில்லாத, பின்னால் நீக்கக்கூடிய வார்னிஷ் பூசுங்கள். உள்ளே சுவரும் தரையும் அட்டைக்குப் பின்னால் போய்விடும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் விளையாட்டு, முடிந்ததும் கைகழுவல். இந்த வயதில் வாயில் எதையும் வைக்க மாட்டாள் என்றால் எனக்கு அது போதும்.

கொலுப்படி:

மரப்பாச்சி பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குடித்தனம் நடக்கிறது, அதனால் சொல்கிறேன். கொலுவுக்கு வாங்கும் மரப்பாச்சிகள் பெரும்பாலும் உயரம் கூடியவை; உங்கள் கதவு வழியே நுழையாது. பழைய மரம் அண்ணா சொன்ன கணக்குப்படி ஐந்தடி மனிதர் 1:16-இல் மூன்றே முக்கால் அங்குலம். மூன்றரை, நான்கு அங்குல ஜோடியாகத் தேடுங்கள். திருப்பதிப் பக்கம் செம்மரத்தில் செய்தவை அந்தச் சிறிய அளவிலும் கிடைக்கும். மரப்பாச்சிக்குக் கைகால் மடங்காது, நாற்காலியில் உட்காராது. ஆகவே நாற்காலியைக் குறைத்து, ஊஞ்சலும் கட்டிலும் வையுங்கள். கடைசல் பிடித்த மரச் செப்புச் சாமானில் மிகச் சிறியவற்றைத் தேர்ந்தெடுத்தால் சமையலறைக்குப் பொருந்தும். குடம் மட்டும் எப்போதும் பெரிதாக இருக்கும், அதை வாசலில் வைத்துவிடலாம்.

வண்ணக்குடம்:

அடியில் ஓவியம் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. பூ முழுதும் வெளியே வந்ததும் கட்டாயம் படம் போடுங்கள். பழைய மரம் அவர்களிடம் ஒரு கேள்வி: தகர ஜன்னல்களின் துருவை எப்படி எடுப்பது? என்னிடமும் அப்படி ஒரு வீடு இருக்கிறது.

பழைய மரம்:

மிக நுண்ணிய எஃகுப் பஞ்சு, நான்கு சுழியம் (0000) போட்டது, அதில் ஒரு சொட்டு இயந்திர எண்ணெய். பூச்சு மிச்சமிருக்கும் இடத்தைத் தொடாமல் துருவை மட்டும் மெல்லத் தேய்த்து, துணியால் துடைத்து, மேலே நிறமற்ற மெழுகு. தண்ணீரோ வினிகரோ வேண்டாம். தகரத்தின் மடிப்புகளுக்குள் ஈரம் நின்றால் துரு உள்ளிருந்து திரும்ப வரும். கையுறை இங்கும் அவசியம், ஜன்னல் பூச்சிலும் ஈயம் இருக்கலாம்.

மோர்டன் தங்கச்சி, ஒடிந்த கீலைப் பற்றவைக்க முயலாதீர்கள். சூட்டில் பூச்சு கருகிவிடும். ஜன்னலின் அகலம், உயரம், கீல் ஊசியின் தடிமன் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து இங்கே எழுதுங்கள். சிதைந்த வீடுகளிலிருந்து எடுத்த பழைய சட்டங்கள் என் பட்டறையில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பொருந்துவது இருந்தால் தபாலில் அனுப்பிவைக்கிறேன்.